100 டாலருக்குப் போன ஆட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். உள்ளே வரும்போதே வாசலில் ஒரு நண்பர் மறித்து, "ஃபுட்பால்னு போட்டிருக்கே, மரடோனாவா, பெலேவா?" என்று கேட்டார். இரண்டு பேரும் இல்லை. இது காலால் உதைக்கிற ஃபுட்பாலே இல்லை. அமெரிக்கர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, தோளில் மெத்தை வைத்துக் கட்டிக்கொண்டு, பந்தைக் கையில் பிடித்து ஓடுவார்களே, அது. நான் பேசப்போவது ஆலன் பேஜ் என்பவரைப் பற்றி.

ஆட்டத்தைப் பற்றி இரண்டே நிமிஷம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேறியாக வேண்டும். முன்னேற விடாமல் எதிரணி மறிக்கும். மறிப்பவர்களின் முதல் வரிசைக்கு டிஃபென்சிவ் லைன் என்று பெயர். ஒரு கையைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, தலை நிமிர்த்திக் காத்திருப்பார்கள். பந்து அசைந்த கணத்தில் பாய வேண்டும். அந்த வரிசையின் நடுவில் நிற்பவர் டிஃபென்சிவ் டேக்கிள். அவரை மறிக்கப் பல சமயம் இரண்டு பேர் சேர்ந்தே வருவார்கள். கேமராவோ பந்தின் பின்னால் போய்விடும். ஒரு ஆட்டத்தில் அறுபது, எழுபது முறை முட்டி மோதினாலும் வீட்டில் டிவி பார்ப்பவருக்கு இவர் முகமே தெரியாது.

பேஜ் பிறந்தது 1945இல், ஒஹாயோ மாநிலத்தில் கான்டன் என்ற ஊரில். தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபம், அவர்கள் சொல்லும் 'ஹால் ஆஃப் ஃபேம்', இருப்பதும் அதே ஊரில்தான். 1963இல் அது திறக்கப்படுவதற்கு முன், கட்டட வேலை நடந்தபோது, கூலிக்குப் போன பையன்களில் பேஜும் ஒருவர். 25 வருஷம் கழித்து, 1988இல், அதே மண்டபத்துக்குள் அவருடைய மார்பளவுச் சிலையை வைத்தார்கள். நான் இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், நடந்ததுதான்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்தார். 1966இல் தேசிய சாம்பியனான அணியில் இருந்தார். அடுத்த வருஷம், கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கி எடுத்தபோது, மினசோட்டா மாநிலத்தின் வைக்கிங்ஸ் அணி அவரை முதல் சுற்றில் எடுத்தது. அதுவரை வரிசையின் ஓரத்தில் ஆடியவரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு அவர் அவ்வளவு கனமில்லை, ஏறத்தாழ 110 கிலோ. எதிரே நிற்பவர்கள் பெரும்பாலும் அவரைவிடப் பருத்தவர்கள். ஆனால் பந்து அசைவதும் இவர் அசைவதும் ஒரே நேரத்தில் நடக்கும். தடுக்க வேண்டியவர் நிமிர்ந்து கை நீட்டுவதற்குள் இவர் தாண்டிப் போயிருப்பார். கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், இவர். இந்த நால்வருக்கு ஊதாச் சீருடையை வைத்து 'பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்' என்று பட்டம் கட்டினார்கள். ஆள் தின்னிகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். "குவார்ட்டர்பேக்கிடம் சந்திப்போம்" என்பதுதான் அவர்களுடைய கோஷம். குவார்ட்டர்பேக் என்பவர் எதிரணியில் பந்தை எறிகிறவர். பாவம், சந்திப்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். 1969 சீசனில் 14 ஆட்டங்களில் வைக்கிங்ஸ் எதிரிகளுக்கு விட்டுக்கொடுத்தது மொத்தம் 133 புள்ளிதான்.

1971இல் அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனம் வழங்கும் 'மிக மதிப்புமிக்க வீரர்' விருது பேஜுக்குக் கிடைத்தது. பந்தை எறிகிறவர்களும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் வாங்கும் விருது அது. மறிக்கிற ஆள் ஒருவர் வாங்கியது அதுதான் முதல் தடவை. அப்புறம் 1986இல் லாரன்ஸ் டெய்லர் வாங்கினார். வேறு யாரும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவதற்கு 'சேக்' என்று பெயர். இந்த அணிகள் ஆடும் தொழில்முறை லீக், அதாவது என்.எஃப்.எல்., அதை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல். பேஜ் கடைசியாக ஆடியது 1981இல். பழைய படச்சுருள்களைப் போட்டுப் பார்த்து எண்ணியவர்கள் நூற்றுக்கு மேல் என்கிறார்கள்.

சூப்பர் பவுல் இறுதிப் போட்டிக்கு வைக்கிங்ஸ் நான்கு முறை போனது, நான்கிலும் தோற்றது. அதைப் பற்றி அதிகம் பேசி என்ன ஆகப்போகிறது?

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு காட்சி. அணியின் கூட்டம் ஒன்றில், ஆட்டத் திட்டங்கள் எழுதிய ஏட்டை ஒவ்வொருவராகச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். சிலர் சரளமாக வாசித்தார்கள், சிலர் தடுமாறினார்கள், சிலரால் வாசிக்கவே முடியவில்லை. எல்லோரும் கல்லூரிக்குப் போய் வந்தவர்கள்! ஆடத் தெரிந்தால் போதும் என்று வகுப்புக்கு வகுப்பு தள்ளிவிட்டிருக்கிறார்கள். பேஜ் இதைப் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

சட்டம் படிக்க அவர் முதலில் சேர்ந்தது ஒரு மாலைக் கல்லூரியில். மூன்றே வாரத்தில் விட்டுவிட்டார். மறுபடி 1975இல் மினசோட்டா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மோதிவிட்டு வந்து மற்ற நாளில் வகுப்பில் உட்கார வேண்டும். 1978இல் பட்டம் வாங்கிவிட்டார். இதற்கு நடுவே ஆட்டக்காரர் சங்கத்தில் அணியின் பிரதிநிதி வேலை வேறு, 1974இல் வேலைநிறுத்தம் வேறு. முதலாளிகளுக்கு எப்படிப் பிடிக்கும்?

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மனைவி டயான் சிகரெட்டை விடுவதற்காக ஓட ஆரம்பித்தார். துணைக்கு ஓடிய கணவர் ஓட்டப் பைத்தியமாகிவிட்டார். உடம்பு இளைத்தது, 100 கிலோ சொச்சத்துக்கு வந்துவிட்டார். பயிற்சியாளர் பட் கிரான்ட்டுக்கு இது சரிப்படவில்லை. 1978 சீசன் நடுவில், இந்த எடையில் இவரால் பழையபடி ஆட முடியாது என்று அணியிலிருந்து விடுவித்தார். சிகாகோ பேர்ஸ் என்ற அணி அவரை எடுத்துக்கொண்டது. விடுவிக்கப்பட்ட ஆட்டக்காரரை எடுக்க அன்றைய கட்டணம் 100 டாலர். அதைத்தான் கட்டினார்கள். அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் (நிலவுக்குப் போனவர் இல்லை, இவர் வேறு) முன்பு வைக்கிங்ஸில் இருந்தவர். சரக்கு என்னவென்று அவருக்குத் தெரியும்.

எடை குறைந்து ஓய்ந்துபோனதாகச் சொல்லப்பட்டவர் சிகாகோவில் மேலும் 58 ஆட்டங்கள் ஆடினார். 1979இல் மாரத்தான் ஓடி முடித்தார். என்.எஃப்.எல். ஆட்டக்காரராக இருக்கும்போதே 42 கிலோமீட்டரை ஓடி முடித்த முதல் ஆள் அவர்தான் என்கிறார்கள். 15 சீசன்களில் 218 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. இத்தனைக்கும் அவர் சுண்டுவிரலைப் படத்தில் பார்த்தால் நமக்கு வலிக்கும். மூட்டு விலகி, மற்ற விரல்களை விட்டு வெளிப்பக்கமாக, ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பி நிற்கும்.

ஆட்டம் முடிந்தபின் வழக்கறிஞர், பிறகு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் வேலை. மினசோட்டாவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளை வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். 1992இல் பேஜ் நிற்க நினைத்தபோது, ஆளுநர் அப்போதிருந்த நீதிபதி ஒருவரின் பதவிக்காலத்தை நீட்டித்துத் தேர்தலுக்கே இடமில்லாமல் செய்துவிட்டார். பேஜ் வழக்குப் போட்டார், ஜெயித்தார். பிறகு தேர்தலில் நின்று அதிலும் ஜெயித்தார். அந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் கறுப்பின நீதிபதி அவர். 70 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்பது அங்கே சட்டம். அதன்படி 2015இல் இறங்கும்வரை 22 வருஷத்துக்கு மேல் இருந்தார்.

1988ஐப் பற்றிச் சொன்னேன் இல்லையா? அந்த விழாவில் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்த ஒருவர் மேடையேறுவார், பெரும்பாலும் பழைய பயிற்சியாளர். பேஜ் அழைத்தது மினசோட்டாவின் பெரிய நகரமான மினியாபொலிஸின் ஒரு பள்ளித் தலைமையாசிரியை, வில்லரீன் பீஸ்லி. அப்புறம் பேஜ் பேசியதும் ஆட்டத்தைவிடப் படிப்பைப் பற்றித்தான். அதே வருஷம் அவரும் டயானும் கல்லூரிப் படிப்புக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். பணம் வாங்கும் மாணவர் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பில் துணையிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2017இல் மினியாபொலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளியின் பழைய பெயரை மாற்றி அவர் பெயரை வைத்தார்கள். பெயரில் ஆட்டக்காரர் இல்லை, 'ஜஸ்டிஸ் பேஜ்' என்றுதான் இருக்கிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த ஊரில் வருஷாவருஷம் அக்டோபரில் மாரத்தான் நடக்கும். மூன்றாவது மைல் பக்கம், சாலையோரத்தில், உடம்பைச் சுற்றி மாட்டிய பெரிய பித்தளை ட்யூபாவோடு ஒரு பெரியவர் ஓடுகிறவர்களுக்காக ஊதிக்கொண்டு நிற்பதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறார்கள். அவர்தான் இவர். இன்னும் 23 மைல் இருக்கிறது, ஓடுங்கள் என்று ஊதுவார்.