ஈரக்காற்றில் உடுக்கை கட்டுவது

நேயர்களுக்கு வணக்கம். ஆடித் திருவிழாக்கள் நெருங்கும்போது கோலாலம்பூரில் உடுக்கை தேடுவோர் கூடிவிடுவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் பித்தளை உடுக்கை ஒன்றை எளிதாக வாங்கிவிடலாம். அம்மனை அழைத்துப் பாடும்போது ‘கும்’மென்று எழ வேண்டிய நாதம் ‘தொப்’பென்று விழுந்தால், பெரும்பாலும் கோளாறு தோலில்தான். வறண்ட ஊரில் கட்டிய தோல் நம் ஈரக்காற்றில் தளர்ந்துபோகிறது. அதனால் தோல் மாற்றுவதை நாமே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் தேவை பச்சைத்தோல். கடையில் பைக்கும் செருப்புக்கும் விற்கிற பதனிட்ட தோல் ஆகாது. அது இழுக்க இழுக்க நீளுமே தவிர, காய்ந்து விறைக்காது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் பலி கொடுக்கும் சமயத்தில் ஆட்டுத்தோல் நிறையவே வீணாகிறது. கேட்டால் கொடுப்பார்கள். வாங்கிய அன்றே சதைப்பக்கம் முழுக்கக் கல்லுப்பைத் தேய்த்துவிட வேண்டும். மூன்று கிலோ தோலுக்கு ஒன்றரைக் கிலோ உப்பு. இங்குள்ள வெயிலில் ஆறு மணி நேரம் உப்பில்லாமல் கிடந்தாலே தோல் அழுகத் தொடங்கிவிடும். அந்த இடம் பிறகு சுருக்கமாகவோ ஓட்டையாகவோ தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

உப்பை நன்றாக அலசிவிட்டு, இருபது லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பு கரைத்து ஊறப்போடுங்கள். பிளாஸ்டிக் வாளியே போதும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரித்துவிடும். கைக்கு ரப்பர் உறை கட்டாயம். சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும் என்பதால் காலையும் மாலையும் கிளறிவிடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து கட்டை விரலால் தள்ளிப் பாருங்கள்: ரோமம் கொத்தாக வழுக்கி வந்தால் போதும். ‘இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும்’ என்று விட்டால் நார் தளர்ந்து, தோல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதில் நாதம் பிறக்காது.

மொத்தமான பிவிசி குழாய் ஒன்றின் மேல் தோலைப் போட்டு, மழுங்கிய கத்தியின் முதுகால் ரோமத்தைத் தள்ளுங்கள். திருப்பிப் போட்டுச் சதையையும் கொழுப்பையும் வழியுங்கள். கொழுப்பு மிஞ்சிய இடத்தில் பின்னால் மஞ்சள் திட்டு விழும், ஓசை மந்தமாகும். பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். கடைசி அலசலில் பத்து லிட்டருக்கு அரைக் கோப்பை வினிகர். இந்தப் படியைத்தான் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். சுண்ணாம்பு மிஞ்சிய தோல் காய்ந்ததும் வெளுத்துப் பொரிந்து, விளிம்பில் வெடிக்கும்.

முதுகெலும்பு ஓடிய கோடு தடிப்பாக இருக்கும், வயிற்றுப் பக்கம் ஒரே சீராக நீளாது. உடுக்கைக்கு முதுகுக்கோட்டின் இரு புறமும் இருக்கும் பகுதியே சரி. தடிப்பு அரை மில்லிமீட்டர் அளவு இருந்தால் விரலுக்கு நன்றாகப் பேசும். முகம் ஐந்து அங்குலம் என்றால் தோலை மடித்துத் தைக்கும் வளையம் ஆறு அங்குலம், தோல் ஒன்பது அங்குல வட்டம். நடுத்தர ஆட்டுத்தோலில் ஐந்தாறு வட்டம் தேறும். இரண்டு முகத்துக்குப் போக மிச்சம் கையில் இருக்கும். பழக்கமில்லாதவருக்கு அந்த மிச்சம் தேவைப்படும்.

வெட்டிய தோல் காய்ந்துபோயிருந்தால், கட்டுவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊற வையுங்கள். அவசரத்துக்குச் சுடுதண்ணீர் ஊற்றினால் காரியம் கெட்டது. ஏறக்குறைய 60 பாகை செல்சியஸில் பச்சைத்தோலின் நார் சுருண்டு, வேகவைத்தது போலாகிவிடும். ஊறிய தோலை வளையத்தின் மேல் மடித்துத் தைத்து, ஓரத்தில் ஆறு துளை குத்தி, பருத்திக் கயிற்றை இரு முகத்துக்கும் இடையே மாறி மாறிக் கோக்க வேண்டும். ஈரத்தில் இறுக்கிக் கட்டும் ஆசையை அடக்குங்கள். நடுவில் விரலை வைத்து அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். அந்த அளவே போதும். காயும்போது தோல் தானாகச் சுருங்கி இழுக்கும். ஈரத்திலேயே முழு இறுக்கம் கொடுத்துவிட்டால், மூன்றாம் நாள் நடுநிசியில் ‘பட்’டென்று கிழியும். மரக்கட்டை மெலிதாக இருந்தால் அதையும் கோணலாக்கிவிடும்.

காய்வதுதான் பெரிய வேலை. வெயிலும் ஆகாது, ஹேர் டிரையரும் ஆகாது. விளிம்பு முதலில் காய்ந்து இறுகும். ஈரமான நடுப்பகுதி பின்னால் சுருங்கும்போது துளைகள் நீண்டு கிழிந்துவிடும். நிழலில், மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு மூன்று நாள். மழைக்காலத்தில் ஐந்து நாளும் ஆகலாம். பச்சைப் பூஞ்சணம் தெரிந்தால் வினிகர் தொட்ட துணியால் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே கயிற்றை மீண்டும் இழுத்து, உடுக்கையின் இடுப்பில் கயிறுகளின் மேல் துணிக் கச்சையைச் சுற்ற வேண்டும். வாசிப்பவர் அழுத்தி ஓசையை ஏற்றி இறக்குவது இந்தக் கச்சையில்தான். தட்டாத முகத்தின் குறுக்கே குதிரை முடியோ மெல்லிய தூண்டில் நரம்போ இழுத்துக் கட்டினால், அந்த அதிர்வுக் கரகரப்பு வரும்.

தைப்பூச ரத ஊர்வலத்தோடு இரவில் நடப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பனியிலும் தூறலிலும் தோல் தளர்ந்து ஓசை இறங்கும். தணலுக்கு மேலே, கை பொறுக்கிற சூட்டில் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். கற்பூர ஜுவாலையில் நேராகக் காட்டினால் கருகும். மழையில் நடக்கும் ஊர்வலத்துக்குப் பிளாஸ்டிக் முகம் போட்டுக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் கருவறை முன்னே உட்கார்ந்து வாசிப்பதற்குத் தோலைத் தவிர எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

துண்டுத் தோல் மிஞ்சினால் கிலுகிலுப்பை செய்யலாம். ஈரத்தில் இரண்டு துண்டைக் குடுவை வடிவில் சேர்த்துத் தைத்து, கழுத்து வழியாக உலர்ந்த மணலை அடைத்து, மூன்று நாள் காயவிட்டுக் கொட்டிவிடுங்கள். உள்ளே ஒரு கைப்பிடி மஞ்சாடி விதை. நம் சாலையோர சாகா மரத்தடியில் சிவப்பாய்க் கொட்டிக்கிடப்பது அதுதான். பிறகு கைப்பிடிக் குச்சியைச் செருகிக் கழுத்தைக் கட்டிவிடலாம்.

செய்து முடித்ததைக் கார் பின்பெட்டியில் போட்டு வைக்காதீர்கள், ஏர்கண்டிஷனுக்கு நேராகவும் மாட்டாதீர்கள். இரண்டிலும் தோல் அளவுக்கு மீறி இறுகி வெடிக்கும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு நீங்கிய பச்சைத்தோல் அதன் பல்லுக்கு நல்ல தீனி. வணக்கம்.