சைலென்ஸர் போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்?

(திரையில்: ஸ்டாண்டு மேல நிக்கிற ஒரு சின்ன பெட்ரோல் காரோட அடிப்பக்கம். டார்ச் வெளிச்சம் இன்ஜின்ல ஆரம்பிச்சு பின்னாடி பைப் வரைக்கும் மெதுவா நகருது.)

வணக்கம். காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் பானெட்டுக்குள்ள 'டிக் டிக் டிக்'னு ஒரு சத்தம் வரும். ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓட்டினதும் அதுவா அடங்கிடும். டேப்பெட் சத்தம்தான்னு நினைச்சு வால்வு கிளியரன்ஸ் பார்க்கப் போறவங்க நிறைய பேர். டேப்பெட்டைத் தொடுறதுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது எல்லா சிலிண்டர்ல இருந்தும் வர்ற புகையைச் சேர்த்து பைப்புக்கு அனுப்புற பாகத்தை, ஒரு தடவை பாருங்க. அது ஹெட்டோட (இன்ஜினோட மேல் பாகம்) சேர்ற இடத்துல கேஸ் கசிஞ்சாலும் இதே சத்தம்தான். இரும்பு சூடாகி விரிஞ்சதும் அந்த இடுக்கு மூடிக்கும், சத்தம் நின்னுடும்.

சரி, நட்டு லூஸா இருக்கு, நல்லா இறுக்கிட்டா தீர்ந்ததுன்னு ஸ்பேனரோட போய் முழு பலத்தையும் போடுறோம் இல்லையா, செலவு அங்கதான் ஆரம்பிக்குது. ஒரு கேஸ்கெட்டோட (ரெண்டு முகத்துக்கு நடுவுல கசிவை அடைக்கிற தகடு) முடிய வேண்டிய வேலை, உடைஞ்ச ஸ்டட்டை (தலையில்லாத போல்ட், ஹெட்டுக்குள்ள ஏறியிருக்கும்) எடுக்க ஹெட்டைக் கழட்டி லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போற வேலையா மாறிடும்.

(திரையில்: தரையில வரிசையா வெச்ச பழைய பாகங்கள்.)

நாம மொத்தமா சைலென்ஸர்னு சொல்றது உண்மையில பல துண்டு. முதல்ல மேனிஃபோல்ட். அடுத்து புகையோட நச்சைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். இப்ப வர்ற வண்டிகள்ல, முக்கியமா 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததுக்கு அப்புறம் வந்த கார்கள்ல, இது இன்ஜினை ஒட்டியே இருக்கும். அப்புறம் முன் பைப், நடு மஃப்ளர், பின்னாடி மஃப்ளர். இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்றது மூணு விதத்துல: நடுவுல கேஸ்கெட் வெச்ச ஃபிளாஞ்ச் (பைப் நுனியில இருக்குற தட்டையான விளிம்பு), ஸ்பிரிங் போல்ட் போட்ட உருண்டை ஜாயிண்ட், கிளாம்ப். மூணுக்கும் இறுக்குற முறை வேற வேற.

(திரையில்: உள்ளங்கையில ஒரு பழைய ஸ்டட், மிக நெருக்கமா.)

இந்த ஸ்டட்டைக் கொஞ்சம் பாருங்க. மேனிஃபோல்ட்ல இருந்து கழட்டினது. நுனியில மரை ஒரே சீரா இருக்கு. நடுவுல வரும்போது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி லேசா கூடியிருக்கு, இடுப்பும் சிறுத்திருக்கு. புது நட்டை விரலால ஏத்துறேன். சர்ருன்னு சுத்தி வருது. அந்த இடம் வந்ததும் நின்னுடுச்சு பாருங்க. மரையில அழுக்கு இல்ல. ஸ்டட் இழுபட்டு நிரந்தரமா நீண்டு போயிருக்கு. யாரோ எப்பவோ அளவுக்கு மேல இறுக்கியிருக்காங்க. இதுக்கு மேல இது நட்டைப் பிடிச்சு வெக்காது. அடுத்த தடவை ஸ்பேனர் போடும்போது 'டக்'னு வரும்.

போல்ட்டை இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீளுது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். இழுத்து மாட்டின ரப்பர் பேண்ட் மாதிரி, அந்த இழுப்புதான் ரெண்டு ஃபிளாஞ்சையும் சேர்த்து அழுத்துது. ஓர் எல்லை வரைக்கும் நீண்டா திரும்பும். அதைத் தாண்டினா திரும்பாது, பிடியும் போயிடும்.

இதுல இன்னொரு சிக்கல். நாம ஸ்பேனர்ல போடுற பலத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் உராய்வுக்கே போயிடும். நட்டு உக்கார்ற முகத்துல பாதி, மரையில சுமார் 40 சதவீதம். போல்ட்டை நீட்டுறதுக்குக் கிடைக்கிறது பத்தோ என்னவோதான். அதனால மரை துருப்பிடிச்சிருந்தா, டார்க் ரெஞ்ச் (நாம வெச்ச அளவு பலம் வந்ததும் சத்தம் கொடுக்குற ஸ்பேனர்) சரியான அளவுல 'கிளிக்' சொன்னாலும் உள்ள பிடி குறைவாதான் இருக்கும். அதே மரையில ஆயிலோ கிரீஸோ இருந்தா, அதே கிளிக்குல போல்ட் அளவுக்கு மேல இழுபட்டிருக்கும். டார்க் ரெஞ்சைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி வயர் பிரஷ் எடுக்கணும்.

(திரையில்: மேனிஃபோல்டோட நீளத்தை ஸ்கேல் வெச்சு அளக்குறது.)

மத்த போல்ட்டுக்கு இல்லாத ஒரு தொல்லை இதுக்கு இருக்கு, அது சூடு. நாலு சிலிண்டர் மேனிஃபோல்ட் 40 சென்டிமீட்டர் நீளம்னு வெச்சுக்கோங்க. வார்ப்பிரும்பு. அது 600 டிகிரி செல்சியஸ் சூடேறினா சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். ஹெட்டு அலுமினியம், சூட்டுக்கு அதிகமா விரியுற உலோகம்தான். ஆனா உள்ள கூலன்ட் ஓடுறதால 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அவ்வளவா நகராது. அதனால ஒவ்வொரு தடவை வண்டி சூடாகும்போதும் மேனிஃபோல்ட் ஹெட்டு மேல வழுக்கி நகருது, ஆறும்போது திரும்பி வருது. ரெண்டு ஓரத்துல இருக்கிற ஸ்டட்டுக்குத்தான் இந்த ஆட்டத்துல அடி அதிகம். பட்டறையில கேட்டுப் பாருங்க, உடையுறது பெரும்பாலும் ஓரத்து ஸ்டட்தான்னு சொல்லுவாங்க. மேனிஃபோல்டுல ஓட்டைகள் ஸ்டட்டை விடக் கொஞ்சம் பெருசா இருக்குறதும் இந்த நகர்வுக்குத்தான்.

இப்ப வேலைக்கு வருவோம். இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும். ஜாக்கி மட்டும் வெச்சு வண்டிக்கு அடியில போகவே கூடாது, கட்டாயம் ஸ்டாண்டு வேணும். கழட்டுற நட்டுக்கு முதல் நாள் ராத்திரியே துரு இளக்குற ஆயில் அடிச்சு வெச்சிடுங்க. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர் வண்டின்னா ரெண்டு தடவை அடிங்க. ஆறு முனை சாக்கெட் போடுங்க, பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடிச்ச நட்டோட மூலையை மழுக்கிடும். நட்டு நகர ஆரம்பிச்சதும் ஒரே மூச்சுல கழட்டாம, கால் சுத்து வெளிய, கொஞ்சம் உள்ளன்னு ஆட்டி ஆட்டி எடுக்கணும். ஜப்பான், கொரியா வழி வந்த வண்டிகள்ல பொதுவா 12, 14 நம்பர் ஸ்பேனர் போதும். ஐரோப்பிய வண்டின்னா 13, 16, சிலதுல 17.

கழட்டினதும் ரெண்டு முகத்தையும் சுத்தம் பண்ணிட்டு, மேனிஃபோல்டோட முகத்துல ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வெச்சு, அடியில ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்குற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. முகம் வளைஞ்சிருந்தா எவ்வளவு இறுக்கினாலும் கசியும். முகம் அரைச்சுத்தான் ஆகணும். கேஸ்கெட் எப்பவும் புதுசு. ஒரு தடவை நசுங்கின கேஸ்கெட்டுக்கு மறுபடி நசுங்குற தன்மை கிடையாது.

சிவப்பு சிலிகான் பேஸ்ட்டைத் தடவி மூடிடலாம்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு இதுல துளியும் உடன்பாடு இல்ல. அது சுமார் 300 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், மேனிஃபோல்டு அதைவிட ரெண்டு மடங்கு சூடாகும். போதாததுக்கு, சிலிகான் ஆவி, புகையில இருக்குற ஆக்ஸிஜனை அளக்குற ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுத்துடும்.

நட்டையும் புதுசாவே போடுங்க, விலை ஒண்ணும் பெருசில்ல. உள்ள நைலான் வளையம் வெச்ச நட்டு இங்க ஆகாது, உருகிடும். சாதா துத்தநாக முலாம் போட்டதும் வேண்டாம், துத்தநாகம் 420 டிகிரியிலயே உருகும். செம்பு முலாம் போட்ட நட்டோ, வாய் லேசா நசுக்கி வர்ற முழு உலோக லாக் நட்டோ வாங்குங்க. ஸ்பிரிங் வாஷர் இந்தச் சூட்டுல தன்னோட துள்ளலை இழந்துடும், அதை நம்பாதீங்க.

(திரையில்: டார்க் ரெஞ்சோட அளவுக்கோடு. கை மெதுவா அதைச் சுத்துது.)

எவ்வளவு இறுக்கணும்? உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல் சொல்றதுதான் கடைசி வார்த்தை. ஒரு அறிமுகத்துக்குச் சொல்றேன்: மேனிஃபோல்டுல வர்ற 8 மில்லி மரைக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், பைப் ஃபிளாஞ்ச்ல வர்ற 10 மில்லி மரைக்கு 40 முதல் 50 வரைக்கும் பல வண்டிகள்ல பார்க்கலாம். 25 நியூட்டன் மீட்டர்னா என்ன? 25 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியோட நுனியில சுமார் 10 கிலோ இழுப்பு. அவ்வளவுதான். ஒத்தக் கையால, உடம்பை முட்டுக்கொடுக்காம வர்ற பலம். கைப்பிடியில பைப்பைச் சொருகி நீளத்தைக் கூட்டிட்டா, இந்த 8 மில்லி ஸ்டட்டை முறிக்கிறது ரொம்பச் சுலபம்.

அளவை எந்த அலகுல கொடுத்திருக்காங்கன்னும் பாருங்க. பழைய மேனுவல்ல கிலோகிராம்-மீட்டர் (kgf·m) கணக்குல இருக்கும், 2.5னு போட்டிருந்தா அது சுமார் 25 நியூட்டன் மீட்டர். அமெரிக்க வீடியோக்கள்ல அடி பவுண்டு. அங்க 25னு சொன்னதை அப்படியே ரெஞ்சுல நியூட்டன் மீட்டரா வெச்சா பிடி குறையும். 25 நியூட்டன் மீட்டர்னு சொன்னதை அடி பவுண்டா வெச்சா 34 நியூட்டன் மீட்டர் ஆயிடும், ஸ்டட் கழுத்தை நீட்டும்.

முதல்ல எல்லா நட்டையும் விரலாலயே ஏத்தி உக்கார வைங்க. விரலுக்கு வராத நட்டை ஸ்பேனரால ஏத்தாதீங்க, மரை குறுக்க ஏறியிருக்கும். அடுத்து நடுவுல இருந்து ஆரம்பிச்சு வலம், இடம், மேல, கீழன்னு மாறி மாறி வெளிப்பக்கம் போங்க. முடிவு அளவு 24னா, முதல் சுத்து 8, ரெண்டாவது 16, மூணாவது 24. ஒரே தடவையில ஓரத்து நட்டை இறுக்கிட்டா அந்தப் பக்கம் கவ்விக்கும், மறுபக்கம் தூக்கிட்டு நிக்கும், கேஸ்கெட் சாய்வா நசுங்கும். மூணு சுத்தும் முடிஞ்சதும் அதே 24லயே இன்னொரு சுத்து வாங்க. முதல்ல இறுக்கின நட்டு இப்ப கொஞ்சம் நகரும். பக்கத்து நட்டுங்க கேஸ்கெட்டை நசுக்கினதும் இது தளர்ந்திருக்கும், அதுதான் காரணம். ரெஞ்சை வெட்டி இழுக்காம ஒரே சீரா இழுங்க, கிளிக் கேட்டதும் விட்டுடுங்க. உறுதிக்குன்னு இன்னொரு கிளிக் போடுற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட ரொம்ப இருக்கு.

மரையில ஆன்டி சீஸ் பேஸ்ட் (மரை இறுகிப் பிடிச்சுக்காம தடுக்குற பசை) போடலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. மேனுவல் போடச் சொன்னா போடுங்க. மேனுவல் காய்ஞ்ச மரைக்கு அளவு சொல்லியிருக்க, நீங்க பேஸ்ட் போட்டு அதே அளவுக்கு இறுக்கினா போல்ட் கூடுதலா இழுபடும். போட்டா நிக்கல் கலந்ததா பார்த்து வாங்குங்க, செம்புப் பேஸ்ட்டை விட அதிக சூடு தாங்கும்.

(திரையில்: ஸ்பிரிங் போல்ட், பக்கவாட்டுல.)

இப்ப ஸ்பிரிங் போல்ட். குறுக்க வெச்ச இன்ஜின் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது முன்னயும் பின்னயும் ஆடும், பைப் பாடியில தொங்குது. நடுவுல எங்கயாவது வளைஞ்சு கொடுக்கணும். உருண்டை கேஸ்கெட்டும் ஸ்பிரிங்கும் அதுக்குத்தான். இந்தப் போல்ட்ல மரை முடியுற இடத்துல ஒரு தோள் தெரியுதா? அந்தத் தோள் முட்டுற வரைக்கும் போனா போதும். முட்டினதும் கைக்கு நல்லாத் தெரியும், அதுக்கு மேல மேனுவல் அளவு மட்டும். ஸ்பிரிங் சுருள்கள் நடுவுல இடைவெளி மிச்சம் இருக்கணும். தோள் இல்லாத சாதா போல்ட்டை மாட்டி ஸ்பிரிங்கை முழுசா நசுக்கி விட்ட வண்டிகள் ஏராளம். அந்த ஜாயிண்ட் ஆடாது, ஆட்டம் முழுக்க மேனிஃபோல்டுக்குப் போகும், கொஞ்ச நாள்ல அது விரிசல் விடும்.

கிளாம்ப் விஷயம் சின்னது. யூ கிளாம்பை ரொம்ப இறுக்கினா பைப் ஒடுங்கி, அடுத்த தடவை பிரிக்க அறுக்க வேண்டியிருக்கும். பட்டை கிளாம்ப் கிடைச்சா அதையே போடுங்க.

மொத்த சைலென்ஸரையும் கழட்டி மாட்டுறீங்கன்னா, எல்லாத்தையும் ரப்பர் ஹேங்கர்ல தொங்கவிட்டு, எல்லா நட்டையும் லூஸா ஏத்தி, பைப் எங்கயும் பாடியில இடிக்காம நேராக்கிட்டு, முன்னாடி இருந்து பின்னாடி இறுக்கிட்டு வாங்க. பைப்பை இழுத்துப் பிடிச்சு போல்ட்டால வளைக்காதீங்க. கன்வர்ட்டரை சுத்தியலால தட்டாதீங்க, உள்ள இருக்கிறது பீங்கான்.

(திரையில்: பின் பைப்ல காத்து ஊதுற வேக்குவம் கிளீனர் குழாய், ஜாயிண்ட்ல சோப்புத் தண்ணி.)

கசிவு இருக்கான்னு பார்க்க, இன்ஜினை ஆஃப்லயே வெச்சு, வேக்குவம் கிளீனரோட ஊதுற பக்கத்தைப் பின் பைப்ல துணி சுத்திச் சொருகி, ஜாயிண்ட்கள்ல சோப்புத் தண்ணி அடிங்க. நுரை பொங்கினா கசியுது. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும்னா திறந்த இடத்துல, ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள்ள வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சின்னக் கசிவு ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னாடி இருந்தா, வெளிக்காத்து உள்ள போய் 'பெட்ரோல் பத்தலை'ன்னு கம்ப்யூட்டர் தப்பா எடுத்துக்கிட்டு அதிகமா ஊத்தும், மைலேஜ் அடி வாங்கும்.

கடைசியா, ஒவ்வொரு நட்டுலயும் ஸ்டட்லயும் சேர்த்து பெயிண்ட் பேனாவால ஒரு கோடு போடுங்க. சில நாள் ஓட்டினதுக்கு அப்புறம், இன்ஜின் ஆறினதும் பாருங்க. கோடு ஒண்ணுக்கொண்ணு விலகியிருந்தா நட்டு திரும்பியிருக்கு, மறுபடி அதே அளவுக்கு இறுக்கலாம். கோடு நேராவே இருந்து, ஜாயிண்ட்ல கறுப்பா கரி படிஞ்சிருந்தா, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்ப்போம்னு ஸ்பேனரைத் தொடாதீங்க. கழட்டி முகத்தையும் கேஸ்கெட்டையும் பாருங்க.