துடக்கு இல்லாத துக்கம்

வணக்கம். வானொலியில் பேசக் கூப்பிட்டதற்கு நன்றி. பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணிக்கூடு தெரிகிறது, ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு இருந்த நேரம் ஃபோனில் செய்தி வந்தது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் சென்னையில் காலமானார், வயது 74. ஓகஸ்ட் 5ஆம் திகதி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, லேசான தொற்றுத்தான், யாரும் கவலைப்பட வேண்டாம் என்று அவரே வீடியோவில் சொல்லிவிட்டுப் போனவர். அதன் பிறகு ஐம்பது நாள். ஓகஸ்ட் 20 மாலை ஆறு மணிக்கு எல்லாரும் அவருடைய பாட்டைப் போட்டுப் பிரார்த்தியுங்கள் என்று தமிழ்த் திரையுலகம் கேட்டதே, நினைவிருக்கிறதா? நானும் இங்கே யாழ்ப்பாணத்தில் என் வீட்டு விறாந்தையில் இருந்து போட்டேன். தேறி வருகிறார் என்ற செய்தியும் நடுவில் வந்தது. நம்பிவிட்டேன்.

அன்று நான் அழுத சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. அந்த அக்கா வேலிப் பொட்டால் ஓடி வந்தா. "என்ன ரீச்சர், ஆருக்கு என்ன?" என்றா. சொன்னேன். அவ நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டு, "அட, அவரோ! நான் உங்கட ஆக்கள் ஆரோ எண்டு பயந்திட்டன்" என்றா. நல்ல மனுசி, கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் போனா. ஆனால் அந்தச் சொல் எனக்குள் நின்றுவிட்டது. உங்கட ஆக்கள். அவர் என் ஆள் இல்லையா? நான் அவரை நேரில் கண்டதே இல்லை. அப்படியென்றால் எனக்கு ஏன் தொண்டை அடைத்தது? இதைத்தான் இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் சாவுக்கு எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். செத்தவீடு என்றால் யார் யார் வர வேண்டும், யார் கொள்ளி வைக்க வேண்டும், எட்டுச் செலவு எப்போது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு யார் யார் போவது, எல்லாம் இருக்கிறது. கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடித்து வீடு வீடாகக் கொடுக்கிறோம். மதிலிலும் லைட் போஸ்ட்டிலும் கண்ணீர் அஞ்சலி ஒட்டுகிறோம். இன்னாருக்குத் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, இன்னாருக்கு இல்லை என்று உறவு முறை பார்த்துச் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, இந்த ஒழுங்குதான் துக்கக்காரரைத் தாங்குகிறது. மூன்று வேளையும் யாரோ சாப்பாடு கொண்டு வருவார்கள், நீங்கள் அழலாம், அழாமல் இருக்கலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு பாட்டுக்காரன் செத்தால்? துடக்கு இல்லை. எட்டு இல்லை. அடுத்த நாள் திருவள்ளூர்ப் பக்கம் தாமரைப்பாக்கத்தில் அவரை அடக்கம் செய்ததை நான் ஃபோனில் பார்த்தேன், பார்த்துவிட்டுக் குசினிக்குப் போய்த் தேங்காய் துருவினேன். துக்கம் இருக்கிறது, அதை வைக்க இடம் இல்லை. ஊர் ஏற்றுக்கொள்ளாத துக்கம் ஆறுவதற்கு நாள் எடுக்கும் என்று அமெரிக்காவில் கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989இல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்.

சரி, உங்களில் சிலர் இப்போது ஒன்று கேட்பீர்கள், எனக்குத் தெரியும். இந்த மண்ணில் எத்தனை சாவு விழுந்தது, எத்தனை பேருக்கு அழக்கூட முடியாமல் போனது, நீ என்னவென்றால் சினிமாப் பாட்டுக்காரனுக்கு அழுகிறாய்? நியாயமான கேள்வி. அதற்கு என் அப்பாச்சியைத்தான் நான் காட்ட வேண்டும்.

1987 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர் இறந்த நாள். இங்கே இந்திய இராணுவம் வந்த ஒக்டோபர்ச் சண்டை முடிந்து இரண்டு மாதம்கூட இல்லை. எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டில் சாவு, இரண்டுக்கும் முறையாக ஒன்றும் செய்ய முடியவில்லை, பறை இல்லை, சனம் இல்லை, அவசரம் அவசரமாகக் கொண்டுபோய் எரித்தார்கள். அப்பாச்சி அப்போது அழவில்லை, வாயே திறக்கவில்லை. எம்.ஜி.ஆர் போய்விட்டார் என்று ரேடியோ சொன்னதும் திண்ணையில் இருந்து ஒப்பாரி வைத்தா பாருங்கள்! நாவலப்பிட்டியில் பிறந்த ராசா என்று தொடங்கினா. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, பக்கத்தில் இருந்து கேட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஒப்பாரிக்குள் அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் பெயர் வந்தது. அதற்கும் பிறகு, எப்போதோ சின்ன வயதில் செத்துப்போன தன் தங்கச்சியின் பெயர் வந்தது.

செத்தவீட்டில் கட்டிப்பிடித்து அழுகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி தாய்க்கு அழுவாள், ஒருத்தி போன வருடம் போன புருசனுக்கு அழுவாள், பெட்டியில் கிடப்பது வேறு யாரோ. பொய் அழுகை என்று எவராவது சொல்வார்களா? மாட்டார்கள். அது முறை. அப்பாச்சிக்கு எம்.ஜி.ஆரின் சாவு அப்படி ஒரு செத்தவீடு. அந்த மனிதர்மேல் அவவுக்கு உண்மையான பிரியம் இருந்தது, அதையும் குறைத்துச் சொல்லக் கூடாது, அந்தப் பிரியம் இல்லாவிட்டால் மற்றதுகளும் வெளியே வந்திருக்காது.

என் கதைக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும்.

90ஆம் ஆண்டு யுத்தத்தில் கரன்ற் நின்றது. நின்றது என்றால் வருடக் கணக்காக. பற்றரி வராது, அரசாங்கம் போட்ட தடை. மண்ணெண்ணெய் விலை கேட்க முடியாது, ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி போட்ட விளக்கில்தான் படிப்பு. என் வயதுக்காரருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ரேடியோ கேட்க ஒரே வழி சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் படும்படி வைத்து, பின் ரயரில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து வயர் எடுத்து ரேடியோவுக்குக் கொடுப்பது. பிறகு ஒருவர் கையால் பெடலைச் சுற்ற வேண்டும். நிறுத்தினால் ரேடியோவும் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் செய்திக்கு அப்பா சுற்றுவார். வெரித்தாஸ், இரவில் பிபிசி தமிழோசை. அந்த நேரம் முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள், இருமக்கூட மாட்டார்கள். செய்தி முடிந்து சனம் போனதும் அண்ணா வருவான். அவனுக்குப் பத்தொன்பது வயது. கசற் றெக்கோடரை எடுத்து வைப்பான், எஸ்.பி.பி கசற் ஒன்றுதான் இருந்தது, இரண்டு பக்கமும் அவருடைய பாட்டு, யாரோ பதிந்து கொடுத்தது. ரேடியோ பரவாயில்லை, சத்தம் குறையும் கூடும் அவ்வளவுதான். கசற் அப்படி இல்லை. கை தளர்ந்தால் பாட்டு இழுபடும், குரல் கட்டைக் குரலாகும், நாடா உள்ளே சிக்குமோ என்று பயம் வேறு. அதனால் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். அண்ணா அதில் மன்னன். பாட்டின் தாளத்தையே பெடலுக்குப் பிடித்துக்கொள்வான். ஒரு பாட்டில் எஸ்.பி.பி மூச்சு விடாமல் நீளமாய் இழுக்கும் இடம் வரும், அந்த இடத்தில் அண்ணாவும் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வான், விளக்கு வெளிச்சத்தில் அவன் கழுத்து நரம்பு தெரியும். அந்த இடம் தாண்டியதும் இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு விடுவார்கள், கசற்றுக்குள் இருப்பவரும் என் அண்ணாவும்.

95 ஒக்டோபர் இடப்பெயர்வில் அந்தச் சைக்கிளில் அப்பாச்சியை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனோம். கசற் எங்கே விழுந்தது என்று தெரியாது.

அண்ணா இப்போது ரொறன்ரோவில். அதிகம் பேசாத ஆள், பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் எடுப்பான், சுகமா என்று கேட்பான், வைத்துவிடுவான். 2020 செப்டம்பர் 25 இரவு வட்ஸ்அப்பில் அவன் அழைப்பு. எடுத்தேன். ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை. நானும் பேசவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் தெரியாது. பிறகு, "அந்தச் சைக்கிள் ரலி தானே?" என்றான். இல்லை, லுமாலா என்றேன். ரலி என்று அடித்துச் சொன்னான். அதில் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினோம், அப்பாவைப் பற்றி, முற்றத்து மாமரம் ஷெல்லில் முறிந்தது பற்றி, இருபத்தைந்து வருடமாய் நாங்கள் இரண்டு பேரும் தொடாமல் வைத்திருந்த பேச்சு எல்லாம். எஸ்.பி.பி என்ற பெயரை இரண்டு பேரும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவர் 40 ஆயிரம் பாட்டுப் பாடினார் என்பார்கள். எனக்கு அந்த ஒரு கசற் போதும். அதில் இருக்கும் குரல் என் ஆள்தான், வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா இதைக் கேட்டுக்கொண்டு இருந்தால் அவவுக்கும் சொல்கிறேன், எங்கட ஆள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1956இல் ஹோர்ட்டன், வோல் என்று இரண்டு ஆய்வாளர்கள் ரேடியோவிலும் தொலைக்காட்சியிலும் வருபவர்மேல் நாங்கள் கொள்ளும் உறவைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு நாங்கள் இருப்பதே தெரியாது, ஆனாலும் எங்களுக்கு அவர் பழகிய ஆள். இப்போதும் அதுதான் நடக்கிறது. நீங்கள் குசினியில் இருக்கிறீர்களோ, கடையில் இருக்கிறீர்களோ, நான் காணவில்லை. என் குரல் உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. வருடக் கணக்காய் இப்படி வந்த ஒரு குரல் ஒரு நாள் நின்றால்...

கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். பாடகி பவதாரிணி பற்றிப் பேச எழுதி வைத்திருந்தேன். 2024 ஜனவரியில், சிகிச்சைக்கு வந்த இடத்தில், எங்கள் கொழும்பில் போனாவே, 47 வயதில். அதை விடுகிறேன். பிள்ளைகள் விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், அது அவசரம்.

2023 ஏப்ரலில் ஆஸ்ட்ரோ என்ற கொரியப் பாட்டுக்குழுவின் மூன்பின் இறந்தான், 25 வயது. என் வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. வீட்டில் சிரித்திருக்கிறார்கள், பாஷைகூடத் தெரியாதவனுக்கு என்ன அழுகை என்று. பெற்றோரே, சிரிக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அவன்தான் அந்தக் கசற். பக்கத்தில் இருந்து, எந்தப் பாட்டு என்று கேளுங்கள், போட்டுக் காட்டச் சொல்லுங்கள், முழுதாகக் கேளுங்கள். ஒரு பிரபலம் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்ட செய்தி வரும் நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1962இல் மர்லின் மன்றோ இறந்த அடுத்த மாதம் அமெரிக்காவில் தற்கொலைகள் ஏறத்தாழ 12 சதவீதம் கூடின என்று கணக்கு இருக்கிறது. பிள்ளை பேச மறுத்தால், அல்லது பெரியவர் உங்களுக்கே தாங்க முடியாமல் இருந்தால், இலங்கையில் எங்கிருந்தும் அழைக்கக்கூடிய தேசிய மனநல உதவி இலக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு பேனை எடுங்கள். 1926. திரும்பச் சொல்கிறேன், ஒன்று, ஒன்பது, இரண்டு, ஆறு.