கேள்வியில் இல்லாத நிறம் விடையில் எப்படி வந்தது?

சரி, அடுத்த கேள்வி. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் அனுப்பியிருக்கிறார். போன வாரப் புதிர் இதுதான்: எட்டுக்கு எட்டு, 64 கட்டம் உள்ள பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டியாகிவிட்டது, மீதி 62. ஒவ்வொன்றும் பக்கத்துப் பக்கத்துக் கட்டம் இரண்டை மூடுகிற 31 அட்டைகளால் இதை முழுவதும் மூட முடியுமா? முடியாது என்று நிறத்தை வைத்துக் காட்டினேன். அதற்கு அவர், "நானும் தம்பியும் இரண்டு நாள் அடுக்கிப் பார்த்தோம் சார், கடைசியில் எப்போதும் இரண்டு கட்டம் மிச்சமாகிறது. ஆனால் கேள்வியில் நிறமே இல்லையே, நீங்கள் எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்கிறார்.

ரொம்ப நல்ல கேள்விம்மா. உட்கார்ந்து அட்டை வெட்டி அடுக்கிய பிள்ளைக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்.

நிறத்தை மறந்துவிடு. ஒவ்வொரு கட்டத்திலும் அது எத்தனையாவது வரிசை, எத்தனையாவது பத்தி என்று பார்த்து இரண்டையும் கூட்டி எழுது. முதல் மூலையில் 1+1, அதாவது 2. எதிர் மூலையில் 8+8, 16. இப்போது ஒரு அட்டையை எங்கே வேண்டுமானாலும் வை, படுக்க வைத்தாலும் நிற்க வைத்தாலும் சரி, ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போனால் கூட்டுத்தொகை ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும், அதனால் ஒவ்வொரு அட்டையும் ஒரு ஒற்றைப்படைக் கட்டத்தையும் ஒரு இரட்டைப்படைக் கட்டத்தையும்தான் மூடும். செஸ் பலகையில் வெள்ளை, கறுப்பு என்று பார்க்கிறோமே, அது இந்த இரட்டை, ஒற்றைதான். எண் எழுதுவதைவிடக் கண்ணுக்குச் சீக்கிரம் தெரியும் என்பதால் நிறத்தைப் பிடித்தேன்.

வெட்டி எடுத்த இரண்டு மூலையும் இரட்டை. ஆக மிச்சம் 30 இரட்டை, 32 ஒற்றை. 31 அட்டைக்கு 31, 31 வேண்டும். முடிந்தது.

ஆனால் நான் உன்னைப் பார்க்கச் சொல்வது வேறு. ஒவ்வொரு தடவையும் மிச்சமானது என்றாயே, அந்த இரண்டு கட்டங்களில் எண் எழுதிப் பார். 30 அட்டை வைத்திருப்பாய், அவை 30 இரட்டையையும் 30 ஒற்றையையும் மூடியிருக்கும். மிச்சம் இரண்டும் ஒற்றையாகத்தான் இருக்கும், ஒன்றையொன்று ஒட்டியே இருக்காது. இரண்டு நாள் தோற்றுப் போனோம் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் விடை உங்கள் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது! நூறு தடவை முயன்றும் வரவில்லை என்பது வேறு, வரவே வராது என்பது வேறு, இரண்டாவதைச் சொல்ல இப்படி ஒரு காரணம் கையில் வேண்டும்.

அப்புறம், இன்னும் சிலர் கேட்டது: ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு என்று எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்தால் மூட முடியுமா? எப்போதும் முடியும். ரால்ஃப் கோமரி என்ற கணித அறிஞர் காட்டிய வழி அழகானது. முதல் பத்தியில் மேலிருந்து கீழே இறங்கு, பிறகு கடைசி வரிசையில் இரண்டாம் பத்தியிலிருந்து எட்டு வரை போ, ஒரு வரிசை மேலே ஏறி எட்டிலிருந்து இரண்டுக்குத் திரும்பு, இப்படியே பாம்பு மாதிரி வளைந்து வளைந்து மேலே வந்தால் 64 கட்டத்தையும் தொட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுவாய். இந்தப் பாதையில் நிறம் மாறி மாறி வரும். ஒரு வெள்ளையையும் ஒரு கறுப்பையும் எடுத்தால் பாதை இரண்டு துண்டாகும், இரண்டும் பாதையில் அடுத்தடுத்து இருந்தால் ஒரே துண்டு. எந்தத் துண்டும் ஒரு நிறத்தில் தொடங்கி மற்ற நிறத்தில் முடியும், ஆக அதில் இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் கட்டங்கள் இருக்கும். பாதையோடு அட்டையை வரிசையாக வைத்துக்கொண்டே போகலாம்.

இந்த வாரத்துக்கு: ஐந்துக்கு ஐந்து பலகை, 25 கட்டம், ஒன்றே ஒன்றை எடுக்கலாம், 12 அட்டைகள். எந்தெந்தக் கட்டத்தை எடுத்தால் மூட முடியும்? மூலையை எடுத்துப் பார், அப்புறம் அதை ஒட்டிய கட்டத்தை எடுத்துப் பார். தம்பியையும் கூட்டிக்கொள்.