பூட்டிய பள்ளியின் சுமை யார் தலையில்?

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், இந்தக் குளிரிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பனிப்புயலுக்குப் பள்ளிகளை மூடுவது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா, பெற்றோருக்குச் சுமையா? இதுதான் தலைப்பு. சுமையே என்று வாதாட வந்திருக்கிறேன். "ஒரு பள்ளி பஸ் சறுக்கினால் போகும் உயிருக்கு எந்த வேலை ஈடாகும்?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஈடாகாதுதான். 2022 ஜனவரி 17ஆம் தேதி கனடாவில், நம் ரொறன்ரோவின் சில பகுதிகளில் 50 சென்டிமீற்றருக்கு மேல் பனி கொட்டியது. டொன் வலி பார்க்வே, கார்டினர் ஆகிய நெடுஞ்சாலைகள் மூடப்பட்டன. அன்று பள்ளிகளைப் பூட்டியதை நாங்கள் குறை சொல்லவில்லை. அப்படிப்பட்ட நாட்கள் அரிதாகத்தான் வருகின்றன.

அடிக்கடி வருவது பாதி மூடல். பஸ் ஓடாது, பள்ளி திறந்திருக்கும். பஸ்ஸை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அதுவும் மூடல்தானே? சக்கர நாற்காலியோடு சிறப்பு வாகனத்தில் போகும் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். காலையில் நின்ற பஸ் மாலையிலும் ஓடாது. எப்படியோ கொண்டுபோய் விட்டவர், பின்னேரம் மூன்றரைக்கு வேலையை விட்டுத் திரும்பி வரவேண்டும். இந்தச் செய்தி பெற்றோர் கைக்கு எப்போது வருகிறது? காலை ஆறு மணியளவில்.

அந்த ஆறு மணியை இந்த அவை கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். வேர்ஹவுஸில் ஏழு மணிக்கு ஷிப்ட். முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ, அதாவது முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்யும் தாய்க்கும் ஏழு மணி. அவர் போகாவிட்டால் இரவு முழுதும் நின்றவரால் வீட்டுக்குப் போக முடியாது. ஐந்தரைக்கே மதியச் சாப்பாடு கட்டி, பிள்ளையின் ஸ்னோ பான்ற்ஸை ஹீற்றருக்குப் பக்கத்தில் காயவைத்திருப்பார். பள்ளியே பூட்டு என்றால், அதே கட்டடத்திலுள்ள டே கெயாரும் பூட்டு. அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது? அம்மம்மா பக்கத்தில் இருக்கும் வீடுகள் தப்பிக்கொள்ளும். மற்றவர்கள்?

16 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தகுந்த மேற்பார்வைக்கு வழி செய்யாமல் விட்டுப் போகக்கூடாது என்கிறது ஒன்ராறியோச் சட்டம். நியாயமான சட்டம். அதே மாகாணம் குடும்பப் பொறுப்புக்கென உறுதிசெய்யும் விடுப்பு, வருடத்துக்கு 3 நாள், அதுவும் சம்பளமில்லாமல். பிள்ளையின் காய்ச்சலுக்கும் அந்த மூன்றுதான், பனிக்கும் அந்த மூன்றுதான். கணினியில் வேலை செய்பவர் வீட்டிலிருந்தே சமாளிப்பார். ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி போகும். அடுத்த வாரம் அழைப்பு குறைந்தால், பனிநாள்தான் காரணம் என்று அவர் யாரிடம் நிரூபிப்பார்?

எதிரணி பாதுகாப்பு என்கிறது. வழியில்லாத பெற்றோர், புயல் உச்சத்தில் இருக்கும் அதே தெருவில், அதே இருட்டில், பிள்ளையைக் காரில் ஏற்றி பக்கத்து நகரங்களான மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்கு ஓட்டுகிறார். ஆபத்து அங்கேயேதான் இருக்கிறது. பயிற்சி பெற்ற சாரதியின் கையிலிருந்து பதற்றத்தில் இருக்கும் பெற்றோர் கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வழி இல்லையா? இருக்கிறது. பள்ளியைப் பூட்டாமல் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறக்கலாம். பிரதான வீதிகளில் 5 சென்டிமீற்றர் சேர்ந்ததுமே ரொறன்ரோ நகரசபை பனியை ஒதுக்கும் கலப்பை வாகனங்களை இறக்குகிறது. உட்தெருக்களுக்கு 8 சென்டிமீற்றர் சேரவேண்டும். அதன் பிறகும் அவற்றின் முறை வரப் பல மணி நேரம் ஆகும். மைனஸ் 15க்குக் கீழே போனால் சாதாரண உப்பு மிக மெதுவாகத்தான் உருக்கும். ஜனவரித் தொடக்கத்தில் இங்கே சூரியன் எழுவதே 7.50 மணிக்கு. அதனால் ஏழரை மணி பஸ்ஸுக்கும் ஒன்பதரை மணி பஸ்ஸுக்கும் பெரிய வித்தியாசம். வெளிச்சம் வந்திருக்கும், உப்பு வேலை செய்யத் தொடங்கியிருக்கும், கலப்பை வாசலில் ஒதுக்கிவிட்டுப் போன இறுகிய பனி வரம்பை ஷவலால் வெட்டித் தள்ளவும் நேரம் கிடைக்கும். அமெரிக்காவில் வேர்ஜீனியா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் 'இரண்டு மணி நேரத் தாமதம்' பழகிப்போன ஏற்பாடு. இங்கே அதை ஏன் முயலக்கூடாது?

ஒன்லைன் வகுப்பு இருக்கிறதே என்றார் அடுத்த பேச்சாளர். 2024 பெப்ரவரி 13ஆம் தேதி நியூயோர்க் நகரம் அதை நம்பித்தான் பள்ளிகளைப் பூட்டியது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைய முயன்றபோது பல பிள்ளைகளால் வகுப்புக்குள் போகவே முடியவில்லை. அதெல்லாம் சரியாக இயங்கினாலும், ஆறு வயதுப் பிள்ளை தானாக மடிக்கணினியைத் திறந்து, மியூட்டை எடுத்து, பாடத்தைக் கவனிக்குமா? பக்கத்தில் ஒரு பெரியவர் உட்காரவேண்டும். அந்தப் பெரியவர் வேலைக்குப் போகவேண்டியவர்.

ஆசிரியர்கள் தூர நகரங்களான பரியிலிருந்தும் ஒஷாவாவிலிருந்தும் வருகிறார்களே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. எல்லாப் பள்ளிகளையும் திறக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பள்ளியை முன்கூட்டியே குறித்து, நடந்து வரக்கூடிய தூரத்தில் வசிக்கும் ஊழியர்களின் பட்டியலை நவம்பரிலேயே எடுத்து, அவர்களுக்கு மேலதிகக் கொடுப்பனவு தரட்டும். குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கப் பூட்டிய பள்ளியிலும் ஹீற்றிங் ஓடத்தான் செய்கிறது. அந்தச் சூட்டில் பாடம் நடக்காவிட்டாலும் பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும்.

கனடாச் சுற்றுச்சூழல் திணைக்களத்தின் புயல் எச்சரிக்கை பெரும்பாலும் முதல்நாளே வந்துவிடுகிறது. முதல்நாள் இரவு 8 மணிக்குள் முடிவைச் சொல்லுங்கள். தவறான முன்னறிவிப்பால் ஒரு நாள் வீணாகலாம். ஆனால் ஷிப்ட் மாற்றவும், பக்கத்து வீட்டாரிடம் கேட்கவும் ஓர் இரவு கிடைக்கும். இவ்வளவும் செய்த பிறகும் முடியாத நாளில் பள்ளியைப் பூட்டட்டும், எங்கள் அணி எதிர்த்து எழுந்து நிற்காது. இவற்றில் ஒன்றையும் செய்யாமல் பூட்டுவது சுமைதான் என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி.