கோப்பி இலையும் தேயிலையும் துருவுக்கு எப்படி அடையாளம் தெரியுது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு அஞ்சாறு கேள்வி எடுத்து வச்சிருந்தேன், ஆனா பண்டாரவளை பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதுனது ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, அதனால மத்தவங்க கோவிச்சுக்காதீங்க. அவங்க கேக்குறாங்க, "சேர், போன வீடியோல துரு நோய் வந்து கோப்பித் தோட்டமெல்லாம் அழிஞ்சத சொன்னீங்க. எங்க லயத்துக்குப் பின்னால கோப்பி மரமும் தேயிலையும் ஒரசிக்கிட்டு நிக்குது. கோப்பி இலைக்கு அடியில ஆரஞ்சுக் கலர் பவுடர், தேயிலைல ஒரு பொட்டு கூட இல்ல. கண்ணு மூக்கு இல்லாத பங்கசுக்கு எது கோப்பினு எப்படித் தெரியும்?"

தெரியாது தங்கச்சி, அதான் பதில். அந்த ஆரஞ்சுப் பவுடர்தான் வித்தி, பங்கசோட விதை மாதிரி. அது காத்துல மழைத்தண்ணியில எல்லாத்து மேலயும்தான் விழுது, தேயிலை மேலயும் விழுது, கொடியில காயுற சட்டை மேலயும் விழுது. நொழைய முடியாத எடத்துல செத்துப் போகுது. நொழைஞ்ச எடம் மட்டும் நம்ம கண்ணுல படுது, அதனால அது தேடிப் போன மாதிரி நமக்குத் தோணுது.

ஆனா தடவிப் பாக்கும். வெலிமடைப் பக்கம் போஞ்சி போடுறவங்களுக்கு போஞ்சித் துரு தெரியும்ல, அந்த பங்கச வச்சு 1987ல ஒரு வேலை பண்ணுனாங்க. இலைவாய்ங்கிறது இலை மூச்சு விடுற குட்டி ஓட்டை, அதோட ஓரத்துல சின்ன விளிம்பு இருக்கும், அதே ஒசரத்துக்கு பிளாஸ்டிக்ல வரப்பு மாதிரி செஞ்சு வித்திய மேல போட்டா, அது இலைவாய்னு நெனச்சு அங்கேயே குந்திக்கிட்டு உள்ள எறங்க ரெடியாகுது. ஒசரம் எவ்வளவுங்கிறீங்க, ஒரு மில்லிமீட்டர ரெண்டாயிரமா வெட்டுனா அதுல ஒரு துண்டு. குருட்டுப் பய, வெரலாலயே படிக்கிறான்.

சரி, உள்ள போயிட்டான். அதுக்கப்புறம்தான் விசயமே. பள்ளிக்கூடத்துல நம்ம ஒட்டுண்ணி, விருந்துவழங்கினு படிச்சோம். விருந்துவழங்கினு யாரு பேரு வச்சாங்களோ, எவன் விருந்து வச்சான், கதவ ஒடச்சு வந்து சட்டியில கை விடுறான். துரு பங்கசு உயிரோட இருக்குற கலத்துக்குள்ள ஒரு உறிஞ்சிய விட்டு, கூடவே சில புரதங்களையும் அனுப்பும், செடியோட காவல தூங்க வைக்கிறதுக்கு. அந்தப் புரதத்துல ஒண்ண அடையாளம் கண்டுபிடிக்கிற பரம்பரையலகு, அதான் ஜீன், செடிகிட்ட இருந்தா, அந்தக் கலம் தானே செத்துப் போகும். உயிருள்ள கலத்துலதான் அவனுக்கு சாப்பாடு, அது செத்தா அவன் பட்டினி.

இதுக்கு எங்க தாத்தா கதைய சொல்றேன், பழைய ஆளுங்க கேட்டிருப்பீங்க, பரவால்ல. தாத்தா தோட்டத்துல வாச்சர். ராத்திரி மிஸ்ட்ல ஒண்ணுமே தெரியாது, ஆனா ஒரு வெறகுத் திருடனோட சப்பாத்து சத்தம் மட்டும் அவருக்கு அத்துப்படி. மூணு தடவ புடிச்சுட்டாரு. நாலாவது தடவ அவன் என்ன பண்ணுனான், சப்பாத்தக் கழட்டி வச்சுட்டு வெறுங்காலோட வந்தான். காலெல்லாம் அட்டை கடிச்சு ரத்தம், ஆனா மாட்டல.

நான் திரும்பத் திரும்ப சொல்றது இதத்தான். அவன் புதுசா ஒண்ணும் கத்துக்கல, ஒண்ணத் தொலைச்சான். துருவும் பல தடவ அப்படித்தான் ஜெயிக்குது, செடிக்குத் தெரிஞ்ச அந்தப் புரதத்த செய்யாம விட்டுருது, இல்ல கொஞ்சம் உருவத்த மாத்திருது. அட்டைக்கடி மாதிரி அதுக்கும் நட்டம் இருக்கலாம், சப்பாத்து சும்மாவா போட்டிருந்தான்?

செடிக்கும் துருவுக்கும் நடுவுல இருக்குற இந்தக் கணக்க மொதல்ல கண்டுபிடிச்சவர் ஃப்ளோர், அமெரிக்காவுல வடக்கு டகோட்டாவுல, ஆளிவிதைச் செடியையும் அதோட துருவையும் வச்சு 1940கள்ல. மத்தவங்க பெரும்பாலும் செடியோட பரம்பரையத்தான் பாத்தாங்க, இவர் பங்கசையும் கலப்புப் பண்ணி பேரன் பேத்தி வரைக்கும் பாத்தாரு. அப்பதான் செடியில ஒரு அலகுக்கு பங்கசுல ஒரு அலகுனு ஜோடி ஜோடியா நிக்கிறது தெரிஞ்சது. வாச்சர மட்டும் விசாரிச்சா பத்தாதுங்க, திருடனோட குடும்பத்தையும் விசாரிக்கணும்.

தங்கச்சி நீங்க கேக்காத ஒரு கேள்வி இருக்கு, அத நீங்க கேட்டிருக்கணும்னு எனக்கு ஆச: துரு புடிக்காத கோப்பி நட்டா பிரச்சின தீர்ந்துருமே? 1869ல மடுல்சீமைல துருவ கண்டப்ப நம்ம ஆளுங்களுக்கு அந்த வழியே இல்ல, தொரைமாரு அதுக்கு 'டிவஸ்டேட்டிங் எமிலி'னு செல்லப்பேரு வச்சதோட சரி. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்ங்கிற அதோட விஞ்ஞானப் பேரு வாயில நொழையல போல. பின்னால திமோர் தீவுல அரபிகா, ரொபஸ்டானு ரெண்டு கோப்பி வகையும் தானா கலந்த ஒரு மரம் கெடச்சது, துரு புடிக்கல. அதுலருந்து ரகம் ரகமா செஞ்சு ஒலகம் பூரா நட்டாங்க. ஹொண்டுராஸ்ல லெம்பிரானு அப்படி ஒரு ரகம், 2017ல அதுலயும் துரு வந்துருச்சு. இப்ப துருவுல அம்பதுக்கு மேல இனம் இருக்கு. சப்பாத்தக் கழட்டிட்டான், வேற என்ன.

நம்ம வீபி தேயிலைய யோசிச்சுப் பாருங்க, ஒரே தாய்ச்செடியிலருந்து வெட்டி வெட்டி நட்டது, மலை பூராவும் ஒரே வாச்சர் நிக்கிற மாதிரி. விதைத் தேயிலைல செடிக்குச் செடி வேற வாச்சர். தேயிலை இலையில இன்னொரு பங்கசு உண்டாக்குற கொப்புள நோய் 1946ல இங்க வந்ததுலருந்து மருந்து அடிச்சுக்கிட்டேதான் இருக்கோம்.

தொலைச்சு ஜெயிக்கிறது திருடன் மட்டும் இல்ல, வீட்டுக்காரனும் பண்ணுவான். விவாக்ஸ் மலேரியா ரத்த செல்லுக்குள்ள போக டஃபினு ஒரு புரதத்தப் புடிச்சுத்தான் ஏறும். மேற்கு ஆப்பிரிக்காவுல கிட்டத்தட்ட எல்லாருக்கும் ரத்த செல்லுல அது இல்ல, டீஎன்ஏல ஒரே ஒரு எழுத்து மாறுனதுனால. கைப்புடியே இல்லாத கதவு. ஆனா மடகஸ்கர்ல அப்படிப்பட்ட ஆளுங்களுக்கும் விவாக்ஸ் வந்திருக்கு, ஏதோ ஜன்னல் கெடச்சிருக்கும்.

தங்கச்சி, ஒரு வேல பண்ணுங்க. அந்த ஆரஞ்சுப் பவுடர் மேல எங்கயாவது வெள்ளையா பஞ்சு ஒட்டுன மாதிரி இருக்கானு பாருங்க, மழைக்கப்புறம் பாத்தா நல்லது. இருந்தா அது இன்னொரு பங்கசா இருக்கலாம், எமிலியவே திங்கிறவன். போன்ல கிட்ட வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த வீடியோவுல திருடன் வீட்டுல பூந்த திருடனப் பத்தி பேசலாம்.