இருபத்து நான்கு ஈர்க்கும் பழைய கணக்குக் கொப்பியும்

(வெசாக் என்னும் பௌத்தப் பண்டிகைக்குத் தொங்கவிடும் விளக்குக் கூட்டைக் கட்டும் பயிற்சியைத் தொடக்கிவைத்து, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இலங்கைப் பாடசாலை ஒன்றில் ஆற்றிய உரை)

அதிபர் அவர்களே, ஆசிரியர்களே, இப்போதே கையில் பசையைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே,

போன வருடம் ஒரு மாணவன் பிஸ்கட் பெட்டிகளை ஒட்டிக் கூடு செய்து வந்தான். பகலில் அழகாகத்தான் இருந்தது. இரவில் விளக்கை உள்ளே வைத்தோம். வெளிச்சம் துளியும் வெளியே வரவில்லை. பெட்டியில் அச்சிட்டிருந்த விலையைத் தெருவிளக்கில் படித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். எதை எடுத்தாலும் முதலில் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவாதது கூட்டுக்கு ஆகாது.

இன்று கட்டப்போவது அட்டபட்டம. சிங்களத்தில் எட்டுப் பட்டை என்று பொருள். நம்முடைய அட்டதிக்கில் இருக்கும் ‘அட்ட’வுக்கு உறவுக்காரச் சொல். விளக்குமாற்றிலிருந்து ஒரே நீளத்தில் 24 ஈர்க்குகளை நறுக்குங்கள். (அம்மாவிடம் கேட்டுவிட்டு!) நான்கு நான்காகக் கட்டினால் ஆறு சதுரங்கள். அவற்றை மூலைக்கு மூலை இணையுங்கள். 12 முடிச்சு விழும்போது, நீங்கள் செய்யாத எட்டு முக்கோணங்கள் இடையிடையே தாமாகவே முளைத்திருக்கும். முப்பது வருடம் கரும்பலகையில் படம் போட்டு நான் விளக்கியதை இந்த ஈர்க்குகள் அரை மணி நேரத்தில் விளக்கிவிடும்.

ஒட்டுவதற்குச் சவ்வுத்தாள் வாங்க வேண்டாம். பழைய கொப்பித் தாளில் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவினால் ஒளி ஊடுருவும். கணக்குகளும் தெரியும், நான் சிவப்பு மையில் போட்ட பிழைக்குறிகளும் தெரியும். தெரியட்டும். ஆனால் எண்ணெய்த் தாளுக்குள் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. காற்றில் கூடு ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், தீப்பிடித்துவிடும். சிறிய எல்.ஈ.டி. பல்ப் வையுங்கள்.

பொலித்தீன் பக்கம் போகாதீர்கள். விழா அலங்காரங்களுக்கு அதைப் பயன்படுத்த 2017இலேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது. பிளாஸ்டிக் போத்தலை வெட்டித் தொங்கவிட்டு அதற்கு மீள்சுழற்சி என்று பெயர் வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. போயா என்னும் பௌர்ணமி நாள் முடிந்து மழை வந்ததும் அந்தப் போத்தல் வாய்க்காலுக்குத்தான் போகும். கூடாக இருந்தது இரண்டு இரவு மட்டுமே.

அதனால் ஒன்று கேட்கிறேன். வெசாக் முடிந்த மூன்றாம் நாள் கூடுகளை இங்கே கொண்டு வாருங்கள். தாளைக் கிழித்து உரக்குழியில் போடுவோம். சட்டகங்களில் உங்கள் பெயரை எழுதி, எலி ஏறாத உயரத்தில் களஞ்சிய அறையில் தொங்கவிடுவோம். அடுத்த வைகாசிக்கு இந்த வருடக் கொப்பி இருக்கிறது.

சரி, ஈர்க்கை எடுங்கள்.